மூத்தாப்பாவின் வேனும் ஒரு துண்டு ஹோஸும்

எங்கள் வீட்டு முற்றத்தில், பலாமரத்துக்குக் கீழே ஒரு பழைய வொக்ஸ்வேகன் வேன் நிற்கிறது. மேலே வெள்ளை, கீழே நீலம். 1972ஆம் ஆண்டு செய்யப்பட்டது. மூத்தாப்பா அதை 1981இல் இரண்டாம் கையாக வாங்கினார். மாவனல்லையிலிருந்து வாரச் சந்தைகளுக்குப் புடவைக் கட்டுகளை ஏற்றிச் சென்றதும் இதுதான். வாப்பா பிறந்தபோது வாப்பும்மாவையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதுதான்.

இதன் எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ஒரு விசிறி அடிக்கும் காற்றே எஞ்சினைக் குளிர்விக்கிறது. நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். முந்திய வேன்களுக்கு நடுவில் ஒரே ஒரு காபுரேட்டர்தான். 1972ஆம் ஆண்டு மாதிரியில் வந்த 1700 சீசீ எஞ்சினுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. வலப்பக்கத்துக் காபுரேட்டர் 1ஆம், 2ஆம் சிலிண்டர்களுக்கும், இடப்பக்கத்தது 3ஆம், 4ஆம் சிலிண்டர்களுக்கும் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும்.

"ஒரு கரத்தையில பூட்டின ரெண்டு மாடு மாதிரி மகள். ஒண்டு முந்தி இழுத்து மத்தது பிந்தி இழுத்தா, கரத்தையும் போகாது, மாடும் களைச்சிப் போகும்" என்று மூத்தாப்பா சொல்வார்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது வேன் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. தாங்கியில் இருந்த பெற்றோல் பழுதாகி, காபுரேட்டர்களின் நுண்ணிய துளைகளில் பிசின்போல் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு கராஜில் அவற்றைக் கழற்றிக் கழுவினார்கள். ஆனால் அங்கிருந்த மெக்கானிக் எல்லா ஸ்குரூக்களையும் அங்குமிங்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்தில இத ஆரு செய்வாங்க? வித்துப் போடுங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வேன் நின்ற இடத்தில் நடுங்கியது. பள்ளத்தில் இறங்கும்போது புகைக்குழாயில் பட்டாசுபோல் வெடித்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது.

சென்ற தவணை விடுமுறையில் வாப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வாறார். நல்ல விலைக்குக் கேட்டா குடுப்பம்" என்றார். மூத்தாப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் என்னைத்தான் எழுப்பினார்.

"வாங்க மகள், எஞ்சின் சூடாக முந்தி ஒரு வேல ஈக்கி."

காபுரேட்டரைத் திருத்தத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவரோ காபுரேட்டரைத் தொடவே இல்லை. வேனுக்குக் கீழே ஒரு பாயை விரித்துப் படுத்து, முதலில் வால்வுகளின் இடைவெளியைப் பார்த்தார். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அதைப் பார்க்க வேண்டுமாம். எங்கள் எஞ்சினுக்கு 0.15 மில்லிமீற்றர். மெல்லிய தகடு ஒன்றை உள்ளே விட்டு, அது இலேசாக உரசிக்கொண்டு வெளியே வருகிறதா என்று என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அதன் பின்பு பொயின்ட் இடைவெளி, 0.4 மில்லிமீற்றர். பிறகு பிளக்குகள், பிறகு டைமிங். "இதெல்லாம் பிழையா ஈக்கக்குள்ள காபுரேட்டர முறுக்கிறது, அளவுகோல் பிழையா ஈக்கக்குள்ள புடவைய வெட்டின மாதிரி" என்றார்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டோம். எஞ்சின் சூடாகும்போது உலோகம் விரிந்து, இரண்டு காபுரேட்டர்களுக்கும் இடையிலுள்ள தூரமும் சற்று மாறும். ஆகவே குளிரில் சரிபார்த்த அளவு சூட்டில் பிழைத்துவிடும்.

அதற்குப் பிறகுதான் ஹோஸ் வெளியே வந்தது. இரண்டடி நீளமான சாதாரண றப்பர்க் குழாய். இதற்கென்று காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. மூத்தாப்பாவிடம் அது இருந்ததில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காபுரேட்டரின் வாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்தால், உள்ளே போகும் காற்று 'ஸ்ஸ்' என்று சீறுவது கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். சீறல் பலமாக இருக்கும் பக்கம் காற்று அதிகம் போகிறது.

"எனக்குக் கையால ஸ்குரூ திருப்ப வேணும். நீங்க கேளுங்க" என்று ஹோஸை என்னிடம் நீட்டினார்.

முதலில் இரண்டு காபுரேட்டர்களையும் இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் ஒன்றின் இழுவை மற்றதைப் பாதிக்காது. நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் கேட்டேன். "வலது கூட", "இன்னும் கொஞ்சம்", "இப்ப இடது கூட" என்று சொல்லச் சொல்ல, அவர் திருப்புளியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பினார். பிறகு கலவை ஸ்குரூ: எஞ்சின் தடுமாறும்வரை உள்ளே, மீண்டும் சீராகும்வரை வெளியே. ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். ஆகவே திரும்பவும் முதலிலிருந்து. லுஹருக்கு முன்னர் வேன் நின்ற இடத்தில் நடுங்குவது நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் வேலையில் பாதிதான் முடிந்திருந்தது. கழற்றிய தண்டைத் திரும்ப மாட்ட வேண்டும். எக்சலேட்டரை மிதித்தால் இரண்டு பக்கமும் ஒரே கணத்தில், ஒரே அளவு திறக்க வேண்டும். அஸர் நெருங்கும் நேரம், எஞ்சின் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"இப்ப ஒண்டா ஈக்கா மகள்?"

இடப்பக்கம் சற்றுக் கூடத்தான் கேட்டது. ஆனால் எனக்கு நிச்சயமில்லை. கையெல்லாம் எண்ணெய், முதுகெல்லாம் வலி. மூத்தாப்பாவின் முகத்தில் களைப்பும் ஆசையும் ஒன்றாகத் தெரிந்தன.

"ஓ மூத்தாப்பா, ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அஸர் தொழுதபின் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போனோம். மட்டமான பாதையில் வேன் வழுக்கிக்கொண்டு ஓடியது. வளைவுகள் தொடங்கி, இரண்டாம் கியரில் எக்சலேட்டரை மிதித்தபோது ஒரு உதறல். பிறகு இன்னொன்று. பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு முந்திச் சென்றது. பாதி ஏற்றத்தில் மூத்தாப்பா ஓரமாக நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்துவிட்டு, வேனைத் திருப்பினார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. "நம்மட பிழைதான். வயசு போன கை" என்று மட்டும் வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்.

அந்த ஒரு சொல் என்னை இரவு தூங்கவிடவில்லை. பிழை அவருடைய கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். இஷாவுக்குப் பிறகு திண்ணையில் இருந்தவரிடம் போய், "மூத்தாப்பா, அந்த நேரம் ஒண்டா இருக்கல்ல. இடது கூடக் கேட்டது. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. என் தலையில் கைவைத்து, வெகுநேரம் இருளில் நின்ற வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு பொய் சொன்னேன் மகள். ஸ்குரூ திருப்ப எனக்கு ஒரு கை போதும். அந்த 'ஸ்ஸ்' சத்தம் எனக்கு ரெண்டு வருஷமாக் கேக்கிறல்ல. ரெண்டு காதுலயும்தான். வாப்பாகிட்டச் சொன்னா, வேன் ஓட்ட விடமாட்டார் எண்டு பயம்."

தொலைக்காட்சியை அவர் சத்தமாக வைப்பதும், மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் அதை வயதின் பிடிவாதம் என்று நினைத்திருந்தோம். நாற்பது வருடம் புடவை அளந்து விற்றவர். அளவில் குறை செய்வோரைப் பற்றி ஸூரத்துல் முதஃப்பிபீன் எச்சரிப்பதை எங்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தந்தவர். "அளவு கேட்டா உள்ளதச் சொல்லணும். நீங்களும்தான், நானும்தான்" என்றார்.

சனிக்கிழமை மீண்டும் தொடங்கினோம். இம்முறை நான் அவசரப்படவில்லை. இடது கூட என்றால் கூட என்றேன், தெரியாவிட்டால் "தெரியா, திரும்பக் கேக்கிறேன்" என்றேன். தண்டின் முனையிலுள்ள பந்து மூட்டைக் கழற்றி, அதன் நீளத்தை ஒவ்வொரு சுற்றாக மாற்றினோம். தண்டு எதையும் இழுக்காமலும் தள்ளாமலும் தானாகப் போய் உட்காரும் வரைக்கும் அவர் விடவில்லை. கடைசியில் எந்தப் பக்கம் ஹோஸை வைத்தாலும் ஒரே சீறல். வேகத்தைக் கூட்டினாலும் ஒரே சீறல்.

அன்று பின்னேரம் கடுகண்ணாவையில் குடைந்த பாறையைத் தாண்டியும் வேன் உதறவில்லை. பின் ஆசனத்தில் வாப்பாவும் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று முதலில் சொன்னது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை வரவிருந்தவரை வரவேண்டாம் என்று அறிவித்ததும் அவரே. வேனை விற்கும் பேச்சு அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. செலவு வரும்போதெல்லாம் மீண்டும் எழும்புகிறது.

காதைப் பற்றி வாப்பாவிடம் மூத்தாப்பாவே சொன்னார். அடுத்த வாரம் கண்டிக்குப் போய்ச் சோதித்தோம். வயதோடு வரும் குறைபாடு, மெல்லிய உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும் என்று டொக்டர் விளக்கினார். ஒரு மாதத்தின் பின் கேட்கும் கருவி கிடைத்தது. போகும்போதும் வரும்போதும் வாப்பா ஓட்டினார். மூத்தாப்பா பக்கத்தில் இருந்தார்.

கருவியைப் போட்டுக்கொண்டு வீடு வந்தவர், முதல் வேலையாக வேனின் பின்கதவைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து கேட்டார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவருடைய முகம் சுருங்கியது.

"என்ன மகள் இது, டப்பெட் ஒண்டு டிக் டிக் எண்டு அடிக்குது. இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லல்லயே! நாளைக்கு சுபஹுக்குப் பொறகு பாய எடுத்து வைங்க."