திறந்துதான் கிடக்கிறது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. "மாமா, என் மெஷின்ல நல்லா ஓடுது. சர்வர்ல ஏத்தினா மட்டும் பில்டு ஆகமாட்டேங்குது. ரெண்டு நாளா இதோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்" என்றான். கல்லூரி முடித்துவிட்டு ரியாக்ட் படிக்கிற பையன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"என்ன எழுதியிருக்கு?"

"எரர் மாமா."

"எரர்னு தெரியுதுப்பா. என்ன எழுதியிருக்குன்னு படி."

இரண்டு நாளாக அந்த வரிகளை அப்படியே காப்பி எடுத்து ஏஐயிடம் கொடுத்துக்கொண்டிருந்தானே ஒழிய, ஒருமுறைகூட வாசிக்கவில்லை. இருவருமாக வாசித்தோம். 'ஹெட்டர்' என்ற கோப்பைக் காணவில்லை என்று மேலேயே போட்டிருந்தது. கோப்பின் பெயர் சின்ன 'எச்' எழுத்தில் தொடங்கியது. அதை அழைத்த இடத்தில் பெரிய எச் போட்டிருந்தான். அவனுடைய விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வரில் ஓடுவது லினக்ஸ். அதற்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஓர் எழுத்தை மாற்றினான், பில்டு ஆகிவிட்டது.

நான் இந்தத் தொழிலைப் பழகத் தொடங்கியது 1999இல், மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டும். பிடித்த பக்கத்தைத் திறந்து 'வியூ சோர்ஸ்' அழுத்தினால் அதன் எச்டிஎம்எல் முழுவதும் கண்முன் வந்து நிற்கும். பிரின்ட் எடுக்கக் கட்டுப்படியாகாமல் நோட்டில் பேனாவால் எழுதிக்கொள்வேன். அப்படி எழுதியபோதுதான் எந்த டேக் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பது மண்டையில் ஏறியது. ஒரு ஜவுளிக்கடைக்கு முதல் பக்கம் செய்து கொடுத்தேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அழகாக வந்தது. கடைக்காரர் வீட்டில் இருந்தது நெட்ஸ்கேப். அதில் வெள்ளைத்தாளாக நின்றது. நோட்டை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால், ஒரு டேபிளை மூடாமல் விட்டிருந்தேன். எக்ஸ்ப்ளோரர் பொறுத்துக்கொண்டது, நெட்ஸ்கேப் பொறுக்கவில்லை. அன்று நானே தேடிக் கண்டுபிடித்ததை இருபத்தைந்து வருஷம் கழித்தும் மறக்கவில்லை.

வலை என்பதே இப்படித் திறந்து வைத்த பொருள். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய வலை மென்பொருளை, 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வகம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டது. அப்பாச்சி, பிஎச்பி, வேர்ட்பிரஸ் என்று பின்னால் வந்தவையும் தங்கள் மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்தன. நம் பிள்ளைகளுக்கு ஓப்பன் சோர்ஸ் என்றதும் காசு இல்லை என்பதுதான் நினைவுக்கு வருகிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய கொடை! அதை எடுத்துக்கொள்ளாமல் விடுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

உள்ளே பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2016 மார்ச்சில் நடந்ததைத் தங்கை மகனுக்குச் சொன்னேன். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை வைத்திருக்கும் என்பிஎம் கிடங்கில் 'லெஃப்ட்-பேட்' என்று ஒரு குட்டிப் பொதி இருந்தது. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடம் சேர்த்துக் குறிப்பிட்ட நீளத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான் அதன் வேலை. மொத்தமே 11 வரி. வேறொரு பொதியின் பெயர் பற்றிய தகராறில் மனம் வெறுத்து, அதை எழுதியவர் தன் பொதிகளை எல்லாம் எடுத்துவிட்டார். உலகம் முழுக்க பில்டுகள் படுத்துவிட்டன. ரியாக்ட் திட்டங்கள் பயன்படுத்தும் பேபல் என்ற கருவியும் அதை நம்பி இருந்ததால் அவையும் சேர்ந்து நின்றன. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டார்கள். அந்த 11 வரியை ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதிவிடுவான். இப்படி ஒரு பொதி தங்கள் திட்டத்துக்குள் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

"பொதியெல்லாம் வந்து இறங்குற உன் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை என்னைக்காவது திறந்து பார்த்திருக்கியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அன்றே அதிலிருந்து ஒரு பொதியைத் திறக்கச் சொன்னேன். பெரியது வேண்டாம், நூறு வரிக்குள் இருப்பது. ஒரு மணி நேரம் எடுத்தது. பாதி புரிந்தது. முதல் தடவைக்குப் பாதி புரிந்தால் போதும்.

எதை முதலில் படிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு கருவி எந்த வலிக்கு மருந்தாக வந்தது என்று பாருங்கள் என்பேன். 2006இல் ஜேக்வெரி வந்தபோது நாங்கள் அதைக் கொண்டாடினோம். ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனியாக எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தோம். பின்னால் பிரவுசர்களே அந்த வசதிகளைத் தந்துவிட்டன, அதன் தேவை குறைந்துவிட்டது. ஜேக்வெரியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் திகைத்து நின்றார்கள். அடியில் இருந்த ஜாவாஸ்கிரிப்டைப் படித்தவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதனால் ரியாக்டைத் தொடுவதற்கு முன்னால், எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் ஒரு சின்னக் கணக்குநோட்டுப் பக்கமாவது செய்துவிட வேண்டும். பால் கணக்கு போதும். தொகை மாறும்போதெல்லாம் திரையில் நாலு இடத்தில் கையால் மாற்றிச் சலித்தவனுக்குத்தான் ரியாக்ட் எதற்கு என்பது புரியும்.

கிட்டை மட்டும் முதல் நாளிலிருந்தே பழகிவிட வேண்டும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க, லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கருவி அது. ஒரு சோதனை ஃபோல்டரில் கிட்டில் பதிந்து வைத்த எதையாவது வேண்டுமென்றே அழித்துவிட்டு, அதை மீட்டெடுத்துப் பழகுங்கள். நிஜமாகவே தொலைகிற நாளில் கை நடுங்காது.

போன வாரம் இரவு பதினொரு மணிக்குத் தங்கை மகனிடமிருந்து போன். அன்று திறந்து பார்த்த பொதியின் விளக்கக் குறிப்பில் ஓர் உதாரணம் தப்பாக இருந்ததாம். தட்டச்சில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது. திருத்தி அனுப்பிவிட்டு நாலு நாளாகக் காத்திருந்திருக்கிறான்.

"சேத்துக்கிட்டாங்க மாமா" என்றான். பக்கத்தில் என் தங்கை, என்னடா, எதைச் சேத்துக்கிட்டாங்க என்று கேட்பதும் போனில் கேட்டது.