முந்திரிகைத் தோட்டத்திலே ஆறு நாட்கள்

மாணவர்க்கு மதுவிலக்கைப் போதித்துவரும் தமிழாசிரியன் ஒருவன், பிரான்சு தேசத்து வைன் தோட்டம் ஒன்றிலே விடுமுறை கழித்த கதையைக் கல்லூரியின் விழா மலரில் எழுதப் புகுந்தால், அன்பர் சிலர் புருவம் நெரிப்பர். அவர்கள் கலங்க வேண்டா. ஒரு துளியேனும் என் தொண்டைக்குள் இறங்கவில்லை. ஆயினும் அங்குக் கண்டனவும் கேட்டனவும் நம் ஊர்ப் பனையோடு தொடர்புடையன ஆதலின், அவற்றை நம்மவர்க்குச் சொல்லுதல் தகும் எனக் கருதினேன்.

2024 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே பாரிஸ் நகரில் வாழும் என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். லா சப்பல் பகுதியிலே முருங்கைக்காய் முதல் ஒடியல் மா வரை யாவும் கிடைக்கின்றன. கடைக்காரர் நம்முடைய ஊரையும் குறிச்சியையும் விசாரித்த பின்னரே விலை சொல்கின்றனர். அவ்வளவோடு ஊர் திரும்பியிருப்பேன். ஆனால், இக்கல்லூரியிலே ஆறாம் வகுப்புத் தொடக்கம் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன், "இவ்வளவு தூரம் வந்து என்னைப் பாராமல் போவாயோ?" என்று தொலைபேசியிற் கடிந்தான். 1995 ஐப்பசி இடப்பெயர்வோடு படிப்பை இழந்தவன் அவன். பின்னர் பிரான்சு சேர்ந்து, பாரிசிலே உணவுச்சாலைகளிற் கோப்பை கழுவிப் பத்தாண்டு கழித்து, இப்போது போர்தோ நகருக்கு அணித்தேயுள்ள வைன் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அத்தோட்டத்திலே விருந்தினர் தங்க ஐந்து அறைகள் உண்டு. பகலிலே துவிச்சக்கரவண்டியில் ஊர் சுற்றி, மாலையிலே வைன் சுவைத்து இளைப்பாறுவதற்குப் பல நாட்டாரும் வருகின்றனர். கொடிகளைக் கத்தரிப்பதும் வண்டிகளைப் பழுதுபார்ப்பதும் நண்பன் பொறுப்பு.

அப்பகுதிக்கு 'இரு கடல்களுக்கு இடைப்பட்டது' என்று பெயர். உண்மையிலே அங்குக் கடல் இல்லை. கரோன், தோர்தோஞ் என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் அது. கடலின் வற்றுப்பெருக்கு ஆற்று வழியே வெகுதூரம் உள்ளே ஏறிவருவதால் ஆறுகளையே கடல் என்றனர் போலும். மண்ணின் கீழே சுண்ணக்கல். தோண்டியெடுத்த கல்லைக் கண்டபோது நம் ஊர்க் கிணற்றுக் கட்டை நினைத்துக்கொண்டேன்.

'சத்தோ' என்றால் கோட்டை என்று அகராதி சொல்லும். அப்பகுதியிலே வைன் செய்யும் தோட்டத்து வீடு பெரும்பாலும் சத்தோவே. நாங்கள் தங்கியது ஓடு வேய்ந்த பழைய கல்வீடு. முற்றத்திலே கோழிகள் மேய்ந்தன.

முதல் மூன்று நாளும் வண்டிப் பயணம். போர்தோவிலிருந்து சோவ்தேர் என்னும் சிற்றூர் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையொன்று துவிச்சக்கரவண்டிகளுக்கென்றே உண்டு. புகைவண்டிப் பாதையாக இருந்து கைவிடப்பட்டது அது. இப்போது தண்டவாளத்தை நீக்கித் தார் இட்டிருக்கின்றனர். 1937 இல் பிரான்சைச் சுற்றிவரும் பெரும் போட்டியில் வென்ற ரொஜே லப்பெபி என்பாரின் பெயர் அதற்கு. வண்டியின் பற்சக்கரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் பொறிக்கு அப்போட்டியிலே யாவர்க்கும் அனுமதி கிடைத்தது அவ்வாண்டிலேதான். குடாநாட்டுச் சமதரையிலே ஒரே பற்சக்கரத்தோடு மிதித்துப் பழகிய எனக்கு அப்பொறி பிடிபட ஒரு நாள் சென்றது. புகைவண்டிக்கு வெட்டிய பாதையாதலால் ஏற்றம் மெல்லவே ஏறும். மூச்சு வாங்கினேனேயன்றி இறங்கித் தள்ளவில்லை.

1990 இல் யாழ்ப்பாணத்துப் புகைவண்டி நின்றபின், நம்முடைய தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 இல் மீண்டும் வண்டி வரும்வரை அப்பாதை காடாய்க் கிடந்தது. இங்குள்ள பழைய நிலையங்களிலோ கோப்பி விற்கின்றனர். "டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதை இந்தச் சனத்துக்குச் சொன்னால் நம்பமாட்டுதுகள்" என்றான் நண்பன், லா சோவ் ஊர்ச் சுரங்கத்தின் குளிர்ந்த இருளைக் கடந்து வெளியே வந்தபோது. அவ்வூரிலே 1079 இல் தோன்றிய துறவிமடம் ஒன்று கூரையின்றி நிற்கிறது. ஸ்பானிய தேசத்துச் சந்தியாகோவுக்குக் கால்நடையாய்ப் போகும் அடியார்கள் தங்கிச் சென்ற இடம் அது. கதிர்காம யாத்திரை போனவர்க்கு அவ்விடத்தின் பொருள் விளங்கும்.

நான்காம் நாள் மாலையிலே வைன் சுவைக்கும் கூட்டம். ஒல்லாந்தர் நால்வரும் ஆங்கிலேயர் இருவரும் நாங்களும் நீண்ட மேசையைச் சுற்றி இருந்தோம். வாயில் ஊற்றியதைச் சற்று உலாவவிட்டு, பின்னர் வாளியிலே துப்பிவிடுகின்றனர்! பலவற்றைச் சுவைப்போர் மயங்காமல் இருப்பதற்கு அதுவே முறையாம். "பிளாவிலே வார்த்ததை எங்கடை ஊரிலே துப்பினால் அடி விழும்" என்று நண்பன் என் காதிற் சொன்னான். தோட்டத்து அம்மையார் என் விரதத்தைக் கேட்டறிந்து, அன்று பிழிந்த முந்திரிகைச் சாற்றைப் புளிக்குமுன்னே ஒரு கிண்ணத்தில் தந்தார். நாவிலே ஒட்டும் இனிப்பு. கருப்பநீரின் நினைவு வந்தது. முட்டியிலே சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளியாது. தடவாவிடின் சில மணி நேரத்திற் கள்ளாகும். நண்பன் இதனைப் பிரெஞ்சு மொழியில் விளக்க, அம்மையார் எழுந்து நின்று விருந்தினர்க்குச் சொன்னார்: "இவருடைய தந்தையாரும் நம்மைப்போலத் தொழில் செய்தவர். அறுபது அடி உயரத்திலே வைன் எடுத்தவர்."

அதன்பின் வைனை எவரும் கவனிக்கவில்லை. தளைநார் எத்தகையது, பாளையை நாள்தோறும் எவ்வளவு மெல்லியதாய்ச் சீவ வேண்டும், கத்தி எவ்வாறு தீட்டப்படும் என்று கேள்விமேற் கேள்வி. பழச்சீவல் சீவுவதுபோல மேசைக் கத்தியாற் காட்டிக் காட்டி நண்பன் விடை சொன்னான். மாரியிலே முந்திரிகைக் கொடியின் எந்த அரும்பை விட்டு எதனை வெட்டுவது என்பதைத் தன் கை இலகுவிற் பற்றிக்கொண்டது ஐயாவைப் பார்த்து வளர்ந்ததனாலேதான் என்றான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பள்ளியில் எங்களோடு இருந்த காலத்தில் தகப்பனார் தொழில் யாது என்று கேட்போர்க்குக் 'கமம்' என்பான். ஒருமுறை வேற்றூர் மண்டபம் ஒன்றிலே, பந்தியிலிருந்து அவனை எழுப்பிவிட்டனர். அந்த விசிறிக்கொண்டிருந்த பெரியவரின் குரலை இருவரும் இன்றும் மறக்கவில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். புறநானூற்றின் 56 ஆம் பாட்டிலே நக்கீரர், யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைக் குறிப்பிடுகிறார். மேனாட்டு வைன் நம் புலவர்க்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் என்றதும் ஒல்லாந்தர் கைதட்டினர். மன்னன் பருகியது தேறல், புலவர் பாடியது தேறல். சீவியவன் கொணர்ந்தது மாத்திரம் நமக்குக் கள். மதுவை நான் இன்றும் மறுக்கிறேன். அதற்காகக் கத்தி பிடித்த கையை மறுக்க ஒரு நியாயமும் காணேன்.

மறுநாள் வழியிலே, வேரோடு பிடுங்கிய கொடிகள் மலைபோற் குவிந்திருக்கக் கண்டோம். பிரெஞ்சுக்காரர் 1960 அளவிலே ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் வைன் குடித்தனர். இன்று அதிற் பாதியும் இல்லை. சீனத்து வாணிபமும் தளர்ந்தது. 2023 இல் அரசு, கொடி பிடுங்கும் போர்தோ உழவர்க்கு ஹெக்டேயருக்கு 6,000 யூரோ தர முன்வந்தது. அம்மையாரும் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டார். நண்பனின் வேலை இன்னும் எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டேன். "பனையும் போனது, இதுவும் போகுது; கத்தி மட்டும் என்னட்டை இருக்குது" என்று சிரித்தான்.

புறப்படும் அன்று அவன் ஒரு வேண்டுகோள் விடுத்தான். கல்லூரியிலே தாவரவியலில் முதல்வராகும் மாணவர்க்குத் தன் தகப்பனார் நினைவாக ஆண்டுதோறும் பரிசொன்று வழங்க விரும்புகிறான். அறிவித்தலிலே 'கமக்காரர்' என்று எழுதலாகாது, 'சீவற்றொழிலாளர்' என்றே எழுத வேண்டும் என்றான். பழைய மாணவர் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். பெயரையும் இம்மலரிலேயே குறிக்கலாமா என்று கேட்டதற்கு, சற்று நேரம் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தொழிலை எழுது. பெயர் இப்போதைக்கு வேண்டாம், மச்சான். ஊரிலே அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசுகினம்" என்றான்.