சீனத்து இரட்டைப் பிள்ளைகள்

படிப்பு ஏறாத பிள்ளையைப் பற்றி என்னிடம் முறையிட வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "சுவாமி, அவன் தகப்பன் வழியே அப்படித்தான்" என்பார்கள். அல்லது, "வேண்டுமென்றே படிக்க மறுக்கிறான்" என்பார்கள். சீனக் குழந்தைகளைக் குறித்த ஓர் ஆய்வைப் படித்த பின்னர், இவ்விரு பேச்சையும் கேட்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

சீன எழுத்து நம்முடையதைப் போன்றதன்று. 247 எழுத்துகளைக் கற்ற நம் பிள்ளை எச்சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். அங்கோ, ஓர் அசைக்கு ஓர் உரு என ஆயிரக்கணக்கில் மனத்தில் இருத்த வேண்டும். தாயைக் குறிக்கும் எழுத்தில் பெண்ணின் உருவும் குதிரையின் உருவும் அருகருகே நிற்கின்றன. அன்னைக்கும் குதிரைக்கும் என்ன உறவு? குதிரைக்கு அவர்கள் மொழியில் 'மா' என்று பெயர் (நம் பழந்தமிழிலும் அப்படியே!). அவ்வொலியைக் காட்டவே குதிரை அங்கு வந்து நிற்கிறது. தொனி மாறினால் பொருளும் மாறிவிடும்.

இத்தகைய எழுத்தைக் கற்பது வெறும் மனப்பாடத்தையும் உழைப்பையும் பொறுத்தது என்றே நாம் எண்ணுவோம். ஹாங்காங்கில் 3 முதல் 11 வயது வரையுள்ள 312 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து, 2011-ஆம் ஆண்டில் அறிஞர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் ஒன்றே. இரு கருவில் தோன்றியவர்க்கோ, மற்ற உடன்பிறந்தார்க்கு உள்ளதுபோல் ஏறத்தாழப் பாதியே பொது. இருவகையினரும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். ஆகவே முன்னவர் பின்னவரைவிட மிகுதியாக ஒத்திருந்தால், அம்மிகுதி பரம்பரையின் பங்கு. சொற்களைப் படித்தல், தொனியைப் பிரித்தறிதல், ஒலிகளை நினைவில் கொள்ளல் முதலிய திறன்களில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 42 முதல் 73 விழுக்காடு பரம்பரையைச் சார்ந்தது எனக் கண்டார்கள். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் கண்டதும் பெரும்பாலும் இதுவே.

பிரம்பெடுக்கும் தந்தையர் இதைக் கேட்கட்டும். எழுத்து பிடிபடாமல் தடுமாறும் பிள்ளை சோம்பேறி அன்று. அப்படிப்பட்ட ஒரு தந்தையை, "சிறுவயதில் உமக்கு வாசிப்பு எப்படி?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து, தாமும் அதற்காகவே அடிபட்டதைச் சொன்னார்.

ஆனால், பரம்பரையைப் புதியதொரு சாதகமாக்கிவிடுவதும் தவறே. ஒரே வேளையில் கருவான ஏசாவும் யாக்கோபும் வெவ்வேறு வாழ்வு வாழ்ந்ததைக் காட்டிச் சோதிடத்தை மறுத்தார் புனித அகுஸ்தீனார். மேற்சொன்ன விழுக்காடும் ஒரு கூட்டத்துப் பிள்ளைகளிடையே உள்ள வேறுபாட்டின் கணக்கேயன்றித் தனியொரு பிள்ளையின் தலையெழுத்தன்று. கிட்டப்பார்வையும் குடும்பவழி வருவதுண்டு. அதற்காக யாரும் கண்ணாடி வாங்காதிருப்பதில்லையே!

மேலும், அதே ஆய்வில் சொல்வளத்தையும் எழுத்துருவை இனங்காணும் திறனையும் பொறுத்தமட்டில் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீடும் சூழலுமே பெரும்பங்கு பெற்றன. எங்கள் பங்கில் சில இல்லங்களில், மாலைச் செபமாலை முடிந்ததும் விவிலியம் வாசிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் முறைவைத்து விட்டிருக்கிறார்கள். தடுமாறும் பிள்ளைக்கு மூன்று வரி போதும். அதையும் முன்னதாக ஒருமுறை தாயோடு அமர்ந்து படித்துக்கொள்ளட்டும்.