பௌர்ணமி வெள்ளி

பழவேற்காடு சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. கைப்பேசி நிமிடம் பிசகாமல் தொழுகை நேரத்தைச் சொல்லிவிடும் காலம் இது. ஆனாலும் தொப்பி வைத்த பையன் ஒருவன் குனிந்து நிழலைப் பார்க்கிறான். உச்சியில் குறுகிய நிழல் கிழக்கே சாயத் தொடங்கினால் லுஹர். இன்று வெள்ளி, ஆகவே ஜும்ஆ.

2025 மார்ச் 14. ரமலானில் பதின்மூன்றாவது நோன்பு. கத்தோலிக்கர்களுக்குத் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி. வலைக்காரர்களுக்குப் பௌர்ணமி.

ஒளு எடுக்கும் இடத்தில் முழங்கை வரை நனைத்துக்கொள்கிறார்கள். வாய் கொப்பளிப்பவர் ஒருவர் தண்ணீரை வழக்கத்தைவிடக் கவனமாகத் துப்புகிறார். நோன்பாளி அல்லவா, ஒரு சொட்டும் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. வரிசை நேராகிறது. இந்தக் கரையில் மக்கா இருக்கும் திசையான கிப்லா மேற்கு. அதனால் கடலுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறார்கள். வெள்ளியன்று நான்கு ரக்அத்துக்குப் பதில் இரண்டுதான். கலைந்து வரும்போது வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் மடியில் நோட்டுகள் விழுகின்றன. இது சதகா, விருப்பக் கொடை. ஜகாத் வேறு. வரம்பைத் தாண்டிய சேமிப்பு ஓராண்டு கையில் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு கட்டாயம் தந்தாக வேண்டும். ரமலானில் கொடுத்தால் நன்மை பெருகும் என்று பலர் அந்தக் கணக்கை இந்த மாதத்தில்தான் தீர்க்கிறார்கள்.

வெயில் இறங்கட்டும் என்று டச்சுக் கல்லறைப் பக்கம் ஒதுங்கினால் அங்கே நிழலில்லை. 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்களின் ஆட்கள் இங்கே கிடக்கிறார்கள். நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே குடும்பச் சின்னங்களும் நீளமான எழுத்துகளும். சாவை நினை என்று வருகிறவனை மிரட்டும் சமயம் அவர்களுடையது. இறுதி நாளில் உடல் எழும் என்று முஸ்லிமும் நம்புகிறார். ஆனால் அவருடைய கபர்ஸ்தானில் உருவத்துக்கு இடமில்லை. முகத்தை கிப்லாப் பக்கம் திருப்பி, மண்ணைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. எனக்கு அந்த மண்மேடுதான் உயிர்த்தெழுதலைக் கூடுதலாக நம்புவதாகத் தோன்றுகிறது.

வேடிக்கை பார்ப்பவர்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி டச்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். அது அவர் இறந்த பிறகு 1651இல் அச்சேறியது. ஊராரை மதம் மாற்ற வேண்டியவர், அவர்கள் சொன்னதை எழுதிவைக்கவும் மெனக்கெட்டிருக்கிறார்.

ஐந்து மணிக்கு மகிமை மாதா கோயிலில் சிலுவைப்பாதை. 1515இல் போர்த்துகீசியர் எழுப்பிய கோயில் என்று சொல்லப்படுகிறது. பதினான்கு நிலைகள். தீர்ப்பில் தொடங்கி அடக்கத்தில் முடியும். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாள். வயதான பெண்கள் தரையில் கையூன்றி எழுவதற்குள் அடுத்த நிலைக்குப் பாட்டு தொடங்கிவிடுகிறது. இவர்களில் பலர் பழவேற்காடு ஏரியை நம்பிய வீட்டுக்காரர்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்ளும் பாடு வழக்கத்தில் முதன்மை உரிமையுள்ள மூன்று ஊர்களில் நடுவூர் மாதாகுப்பமும் ஒன்று. மற்ற இரண்டு கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும். சிலுவைக்காரன் என்று ஏரி ஒரு நாள் கூட்டியும் தராது, குறைத்தும் தராது.

தவக்கால வெள்ளியில் இறைச்சி கூடாது, மீன் கூடும். ஐரோப்பாவின் உள்நாட்டானுக்கு அது ஒறுத்தலாக இருந்திருக்கலாம். தினமும் மடவைக் குழம்பு சாப்பிடும் குப்பத்தில் அதை என்னவென்று சொல்வது? ஆகவே ஒரு சந்தி இருக்கிறவர்கள் வேளையைக் குறைக்கிறார்கள். சிலர் குடியை விடுகிறார்கள். வீட்டுக்காரிகள் அதைத்தான் பெரிய புண்ணியமாக எண்ணுவார்கள் போல.

ஏரியில் கிடைப்பதை உண்ணுவதில் பாய்மார்களுக்கு இன்னும் நுட்பமான கணக்கு. நீர்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும் என்பது ஹனஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவின் முடிவு. நண்டு ஆகாது. இறால் மீனா இல்லையா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. கடற்கரை மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபி பிரிவு, இறால் விஷயத்தில் அவர்களுக்குச் சிக்கல் கிடையாது. இறாலும் நண்டும் பிடித்து விற்கும் ஊரில் இது ஏட்டுச் சட்டமல்ல, அடுப்படிச் சட்டம்.

கோயில் மாதாவின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது: 114இல் 19ஆவது, மர்யம். கன்னியாகவே ஈன்றாள் என்பதில் இரு வேதமும் ஒன்று. அதற்கப்பால் வழி பிரிகிறது. ஈசா நபி, அல்லாஹ்வின் தூதர், மகனல்லர், அவரைச் சிலுவையில் கொல்லவில்லை என்கிறது குர்ஆன். சற்றுமுன் பதினான்கு நிலைகளில் முழந்தாளிட்டவர்களின் விசுவாசம் முழுதும் அந்தச் சாவிலும் மூன்றாம் நாள் உயிர்ப்பிலும் நிற்கிறது. இதை மழுப்பி "எல்லாம் ஒன்றுதான்" என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒன்றல்ல. ஒன்றாக இல்லாமலே அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள்.

ஆறேகால் தாண்டியதும் மேற்கே சூரியன் விழ, கிழக்கே கடல் பக்கம் நிலா ஏறுகிறது. ரமலான் பிறை கண்டு தொடங்கியது, பிறை கண்டு முடியும். ஈஸ்டரும் நிலாவின் கணக்குத்தான். ஆனால் இந்தப் பௌர்ணமி அதில் சேராது. மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர், இந்த வருடம் ஏப்ரல் 20. ஏரிக்காரனுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறி இறங்குவது அதிகம், முகத்துவாரத்தில் ஓட்டம் வேகம் பிடிக்கும். ஓட்டத்தில் வரும் இறாலைத்தான் கட்டுவலை மறிக்கிறது.

பாங்கு. கரையோரக் கொட்டகையில் பேரீச்சம்பழம், அலுமினியக் கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி. வியாபாரி பாய் முதல் மடக்கை உறிஞ்சுவதற்குள், கழுத்தில் செபமாலையோடு அலுமினிய அன்னக்கூடையைத் தொப்பென்று இறக்குகிறாள் ஒருத்தி.

"இன்னாம்மா, ஒரு வாய் கஞ்சி எறங்க வுட மாட்டியா?"

"நீ குடி பாய். அதுக்குள்ள எறாலு வெலய சொல்லிடு."

அவர் சொல்கிறார். அவள் கூடையைத் தூக்கப் போகிறாள். அவர் இருபது ரூபாய் ஏற்றுகிறார். அவள் கூடையை வைத்துவிட்டு, தராசில் போடுவதற்கு முன் ஐஸ்கட்டிகளைப் பொறுக்கும் அவருடைய பையனின் கையையே பார்க்கிறாள்.

"ஐஸத்தான் எடுக்கணும். எறால சேத்து வழிக்காத."