வேலிக்கு இந்தப் பக்கம்

நாயோடு கேரவனில் போகிறவர்களுக்கு ஆஸ்திரேலிய வரைபடம் வேறு. சுற்றுலா விளம்பரங்களில் வரும் இடங்கள் பலவும் அதில் அடிபட்டுப் போகும். பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் வளர்ப்பு நாய்க்கு அனுமதி இல்லை. மிச்சமிருப்பது நெடுஞ்சாலை, பெட்ரோல் நிலையம், சிற்றூர்களின் கேரவன் பார்க்குகள்.

ஒரு ஜூலை மாதக் குளிரில் அக்காவும் நானும் மணியும் அடிலெய்டிலிருந்து வடக்கே கிளம்பினோம். அக்கா அங்கே தாதி. போய் எட்டு வருடமாகிறது. மணி, காப்பகத்திலிருந்து அவள் எடுத்து வளர்க்கும் கெல்பி கலப்பு. பெயர் மட்டும் எங்கள் தாமான் நாய்களுடையது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, “நாய்க்கு ஒரு வீடு, அந்த வீட்டுக்குச் சக்கரம் வேறயா?” என்றார்.

மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் கேரவன் என் பொறுப்பு. அதன் மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு காரின் கொக்கியில் அழுத்த வேண்டும் என்பது பொதுக்கணக்கு. பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். தண்ணீர், அரிசி, மணியின் தீவனம் எல்லாவற்றையும் அச்சுக்குப் பக்கத்தில் மாற்றி அடுக்கினேன். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 53 மீட்டர் நீள ரோடு டிரெயின் எதிரே கடக்கும்போது காற்று கேரவனை ஒரு தள்ளு தள்ளும். மணி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான்.

முதலில் ஹாக்கர். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வில்பீனா பவுண்ட் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான். “நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இவனோட இருக்கேன்” என்றாள் அக்கா. நானும் போகவில்லை. கேரவன் பார்க்கில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள் ஆளுக்கொரு நாயோடு இருந்தார்கள். யாரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை, நாயின் பெயரைக் கேட்டார்கள். மறுநாள் காலை எல்லாருக்கும் மணியைத் தெரிந்திருந்தது.

அன்றிரவுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறாள். மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதை வாங்கினால் இதை விட வேண்டும்.

“ஐசியத் திருப்பிக் குடுத்துரணும், தம்பி.”

எங்கள் கொள்ளுத்தாத்தா பால்மரம் வெட்ட வந்தவர். நான்கு தலைமுறை. இருந்தும் பள்ளியில் ‘பெண்டாத்தாங்’ என்ற வார்த்தையைக் கேட்காமல் நாங்கள் இருவருமே வளரவில்லை. அப்படிப்பட்ட ஊரின் அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

கிளெண்டம்போவைத் தாண்டினால் கூபர் பீடி வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. அந்தப் பக்கமெல்லாம் 1080 என்ற நஞ்சு வைத்த இறைச்சி பற்றிய எச்சரிக்கைப் பலகைகளைப் பார்க்கலாம். நாய் தின்றால் மாற்று மருந்து இல்லை. மணிக்கு வாய்க்கூடு போட்டுத்தான் இறக்கினோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இயற்கையாகவே அந்த நஞ்சு இருக்கிறது. அதைத் தின்று பழகிய அங்குள்ள விலங்குகளுக்குத் தாங்கும் சக்தி உண்டு. வெளியிலிருந்து வந்த நாய்க்கும் நரிக்கும் கிடையாது.

கூபர் பீடியில் கேரவனை நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் மண்சாலையில் போய் டிங்கோ வேலியைப் பார்த்தோம். ஆள் உயரக் கம்பி வலை, மரக் கம்பங்கள். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் குவீன்ஸ்லாந்திலிருந்து தெற்குக் கடலோரப் பாறைகள் வரை ஏறத்தாழ 5,600 கிலோமீட்டருக்கு இது போகிறது. ஆடுகளை டிங்கோவிடமிருந்து காக்கக் கட்டியது. டிங்கோ அந்த மண்ணுக்கு வந்து 3,000 வருடங்களுக்கு மேல். ஆடு 1788இல் வெள்ளைக்காரரின் முதல் கப்பல்களோடு வந்தது.

“பிந்தி வந்தவனுக்கு வேலி, முந்தி வந்தவனுக்கு வெசம்” என்றேன்.

“வருசத்த எண்ணி என்னடா பண்றது? வேலி யாரு கையில இருக்கோ அவன் சொல்றதுதான்” என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கமும் இதே செம்மண், இதே புதர்.

மணி கம்பத்தை மோந்து, ஒரு சுற்றுச் சுற்றி, காலைத் தூக்கினான்.

“இவன் ஃபாரம் நிரப்பிட்டான்” என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தோம். காருக்குத் திரும்பும்போது அவள் சிரிக்கவில்லை.

“அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். நீ வாயத் தொறக்காத.”

சரி என்றேன்.