சொடக்குத் தக்காளியும் நானும்

மயிலாப்பூரில் இந்தக் காலத்தில் கிணறும் கொல்லையுமாக ஒரு வீடா என்று நீங்கள் மூக்கில் விரலை வைக்கலாம். என்ன செய்வது? பாகப் பிரிவினைத் தகராறு தீராததால் எங்கள் வீடு இன்னும் இடிபடாமல் நிற்கிறது. அந்தக் கொல்லையில், ஐப்பசி மழை கொட்டியதும், துவைக்கிற கல்லின் ஓரமாக யாரும் விதைக்காமலே ஒரு செடி முளைக்கும். சொடக்குத் தக்காளி. வேலைக்கார அம்மாள் களை என்று பிடுங்கப் போவாள். நான் ஓடிப் போய்த் தடுப்பேன். வருஷா வருஷம் நடக்கிற நாடகம் இது.

உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்கால் உயரச் செடி. மங்கிய மஞ்சளில் சின்னப் பூ. பூ உதிர்ந்ததும் அதன் புல்லிவட்டம் வளர்ந்து, காகிதக் கூண்டு மாதிரி காயை மூடிக்கொள்ளும். அதைப் பறித்து நெற்றியில் அடித்தால் 'டப்'பென்று வெடிக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் எங்கள் நெற்றியெல்லாம் சிவந்து கிடந்த காலம் உண்டு.

பழைய நாளில் தக்காளி என்றால் இதுவும் மணத்தக்காளியும்தான். அமெரிக்காவிலிருந்து வந்து ரசத்தில் குதித்ததே, அதைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். நாளடைவில் வந்தவர் பேரைச் சுருட்டிக்கொண்டார். இருந்தவருக்கு ஓர் அடைமொழி மிஞ்சிற்று. குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரரான கதை மயிலாப்பூருக்குப் புதிதா, என்ன!

இதற்குப் பணக்கார உறவு ஒன்று உண்டு. ரசபரி என்று பழக்கடைகளில் வருகிறதே, அதுதான். பிறந்த வீடு பெரு நாடு. நீலகிரிக் குளிரில் செழிக்கும். நானும் தொட்டியில் வைத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலைக் கண்டதும் கண்ணை மூடிவிட்டது.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் மார்கழிக் கடைசியில் தி. நகரிலிருந்து பேரன் வந்திருந்தான். ஆறு வயது. நெற்றியில் வெடிக்கிற வித்தையைக் கற்றுக் கொடுத்துவிட்டு, நான் பேப்பர் படிக்க உள்ளே போனேன். பயல் ஏழெட்டுப் பச்சைக் காயைப் பறித்து வெடித்து, உள்ளே இருந்ததை வாயில் போட்டுக்கொண்டுவிட்டான். இரவு முழுவதும் வாந்தி, வயிற்று வலி, டாக்டர் வீடு. மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பொங்கலுக்குக் குழந்தையை அழைத்து வரவில்லை.

என் பாட்டி எங்களைச் செடியில் கை வைக்க விடமாட்டாள். வெடிப்பதெல்லாம் வீட்டுக்கு வெளியேதான். தின்பதென்றால் அது தானாக விழ வேண்டும். கூண்டு வெளுத்துச் சருகாக வேண்டும். பழம் மஞ்சளாக வேண்டும். பச்சைக் காயிலும் கூண்டிலும் சோலனின் போன்ற நஞ்சு இருப்பதைப் பாட்டி படித்ததில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. படித்த நான் வித்தையைச் சொன்னேன். விதியைச் சொல்ல மறந்தேன்.

தை மாதம் பழம் கொட்டத் தொடங்கிற்று. செடிக்கடியில் பழைய வேட்டியை விரித்தேன். காலையில் விழுந்ததைப் பொறுக்கிக் கூண்டோடு முறத்தில் பரப்பினேன். கூண்டோடு இருந்தால் எளிதில் கெடாது. நாலு பழத்தை நசுக்கித் தண்ணீரில் அலசி, விதையை நிழலில் உலர்த்திப் பொட்டலம் கட்டினேன். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மருமகள் பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"மாமா, இது அதுதானே?"

"அதேதான் அம்மா. அன்றைக்கு அவன் தின்றது பறித்தது. இது விழுந்தது."

ஒன்றை உரித்தாள், முகர்ந்தாள், வாயில் போட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து பேரன் எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு நான் மட்டும் சாப்பிடறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா உனக்கு" என்றாள் அவனிடம். விதைப் பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டெலிபோன் அடித்தது.

"தாத்தா! அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலே. ஆனா பையிலே பதினொண்ணுதான் மிச்சம் இருக்கு. இன்னும் எப்போ விழும்?"