கணக்கு எழுத முடிகிற ரகசியம்

பிள்ளைகளே, எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிட முடியாது. மறைவாகச் செய்யப்படும் நல்ல காரியமும் உண்டு, கெட்ட காரியமும் உண்டு. பிரித்துப் பார்க்க நான் கைக்கொள்ளும் வழி ஒன்றுதான்: அதற்குக் கணக்கு எழுதி வைக்க மனம் வருகிறதா, தடயத்தை அழிக்கக் கை பரபரக்கிறதா?

இரண்டாம் உலகப் போரின்போது போலந்தின் வார்சாவில் ஈரேனா செண்ட்லர் என்ற சமூகநலப் பணியாளர் இருந்தார். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்குள், நோய்த்தடுப்பு வேலை என்ற பெயரில் அனுமதிச் சீட்டோடு போவார். அங்கிருந்த குழந்தைகளை ஆம்புலன்சில் ஒளித்தும், கழிவுநீர்ச் சுரங்கம் வழியாகவும் அவரும் தோழர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் மரணம்தான். அப்படியிருந்தும், பிள்ளைகளின் சொந்தப் பெயரையும் மாற்றி வைத்த பெயரையும் மெல்லிய காகிதத்தில் எழுதினார். அதை ஜாடியில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். போர் முடிந்ததும் பிள்ளைகள் பெற்றவர்களிடம் திரும்ப வேண்டுமே! 1943 அக்டோபரில் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாபோ அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின் பட்டியல் வெளியே வந்தபோது, பெற்றோரில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. ஆனாலும் தாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை அறிய அந்தக் குழந்தைகளுக்கு வழி இருந்தது.

இன்னொரு ரகசியத்தையும் பாருங்கள். 1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில், ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அமெரிக்க அதிபர் நிக்சனின் தேர்தல் குழுவோடு அவர்களுக்கு இருந்த தொடர்பை மறைக்க ஆவணங்கள் எரிக்கப்பட்டன; வாயடைக்கப் பணம் கைமாறியது. வெள்ளை மாளிகை ஒலிநாடா ஒன்றில் 18½ நிமிடப் பேச்சு அழிந்துபோயிருந்தது. 1972 நவம்பர்த் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ வென்ற நிக்சன், 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். ஒன்றை மறைக்கப் போய் ஒன்பதை மறைக்கவேண்டி வந்ததில்தான் அவர் வீழ்ந்தார்.

உங்கள் கையிலும் ரகசியங்கள் இருக்கும். நம்பிச் சொன்ன தோழியின் துயரத்தை உள்ளேயே வைத்துக் காப்பாற்றுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் செயலியில் வாங்கிய கடனையும், ஆன்லைன் சூதாட்டத்தில் போன பணத்தையும் சின்னதாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், ஆனால் வழி பிறக்கும். யாராவது உங்களிடம், "வீட்டில் சொல்லாதே, மெசேஜை அழித்துவிடு" என்றால், எதையும் அழிக்காமல் அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள்.